ஸ்லீவா, பைபாஸா: யார் முடிவுசெய்கிறார்கள்?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்வதென்று முடிவெடுத்து வருகிறவர்களிடம் பேசும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். எந்த மருத்துவமனை, என்ன செலவு, எத்தனை கிலோ குறையும், எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். என்ன அறுவை என்று கேட்டால் மட்டும் பதில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது: “ஸ்லீவ்தான் டாக்டர், இப்போ எல்லாருக்கும் அதைத்தானே பண்றாங்க?” ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆயுள் முழுக்க உடம்போடு இருக்கப்போகும் ஒரு மாற்றத்தின் முக்கியமான கேள்வி, கேட்கப்படாமலேயே முடிவாகிவிடுகிறது.

இது யாரோ சிலருடைய கவலை அல்ல. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்களின் அளவு 30.9 சதவீதமாக இருந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை தேவையே இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கோ அது அழகுக்கான சிகிச்சை அல்ல. உயிர் காக்கும் சிகிச்சை. சுவீடனில் 1987-ல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. அறுவை செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். எனவே, அறுவையே வேண்டாம் என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. எந்த அறுவை என்பதை, ஆறு மாதத்தில் எவ்வளவு குறையும் என்பதை வைத்து முடிவுசெய்யக் கூடாது. பத்தாண்டு கழித்து அந்த மனிதர் எப்படிச் சாப்பிட்டு, எப்படித் தூங்கி, எந்த மாத்திரையை விழுங்கி வாழப்போகிறார் என்பதை வைத்து முடிவுசெய்ய வேண்டும். இதுவே என் வாதம்.

வெட்டுவதும் திருப்பிவிடுவதும்

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டப்படும் மேற்பகுதியில்தான். அதனால் கொள்ளளவோடு பசியும் குறைகிறது. குடலைத் தொடுவதில்லை. பைபாஸ் வேறு வகை. இரைப்பையின் மேல் நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பையும் முன்சிறுகுடலும் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். உணவு மட்டும் அந்த வழியாகப் போகாது. கொள்ளளவு குறைவதோடு, குடலிலிருந்து சுரக்கும் ஹார்மோன்களின் அளவும் நேரமும் மாறிவிடுகின்றன. இரண்டுமே இப்போது சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில்தான் நடக்கின்றன. தேர்ந்த மையங்களில் உயிராபத்து பித்தப்பை அறுவையின் அளவுக்குத்தான்.

மக்கள் மனதில் ஸ்லீவ் ‘சின்ன ஆபரேஷன்’, பைபாஸ் ‘பெரிய ஆபரேஷன்’ என்று பதிந்திருக்கிறது. மருத்துவமனைகளும் அந்த நம்பிக்கையைக் கலைப்பதில்லை. அறுவை மேசையில் கழியும் நேரத்தை வைத்துப் பார்த்தால் அது சரி. உடம்பை வைத்துப் பார்த்தால் முழு உண்மை இல்லை. ஸ்லீவில் வெட்டி எடுத்த இரைப்பை திரும்ப வராது. பைபாஸிலோ உறுப்பு எதுவும் வெளியே போவதில்லை. எளிதல்ல என்றாலும், அவசியம் நேர்ந்தால் பழைய வழியை மீட்க இடமிருக்கிறது. ‘சின்னது’ என்று நம்பிச் சம்மதிப்பவர், திரும்ப முடியாத பாதைக்குத்தான் சம்மதிக்கிறார். இதைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஸ்லீவ் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பைபாஸ் மூத்தது. 1960-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் எடை குறைந்தே இருப்பதைக் கவனித்து அதை வடிவமைத்தார். ஸ்லீவ் தனி அறுவையாகப் பிறக்கவே இல்லை. மிக அதிக எடை கொண்டவர்களுக்கு ‘டியோடினல் ஸ்விட்ச்’ என்னும் பெரிய அறுவையை ஒரே தடவையில் செய்வது ஆபத்தாக இருந்தது. அதனால் 2000 வாக்கில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் இரைப்பையைக் குழாயாக்குவது, எடை இறங்கிய பிறகு இரண்டாம் கட்டத்தில் குடலைத் திருப்புவது. பலருக்கு முதல் கட்டத்திலேயே போதுமான எடை குறைந்தது. இரண்டாம் கட்டத்துக்கு அவர்கள் வரவில்லை. அந்த முதல் கட்டம்தான் இன்றைய ஸ்லீவ். குடல் இணைப்பு கிடையாது, நேரம் குறைவு, மருத்துவர் கற்றுக்கொள்வதும் எளிது. வேகமாகப் பரவ இவை நியாயமான காரணங்கள்தான். ஆனால், ஸ்லீவின் நன்மைகள் பெரும்பாலும் முதல் மாதத்தில் தெரிபவை; அதன் குறைகளோ ஐந்தாம் ஆண்டில் தெரிபவை. தொகையைக் கட்டும் நாளில் ஐந்தாம் ஆண்டு யார் கண்ணுக்கும் படுவதில்லை.

இந்தத் துறையில் இப்படி நடப்பது புதிதல்ல. இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் போடும் ‘பேண்ட்’ முறைக்கு அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்தது. வெட்டு இல்லை, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்ற கவர்ச்சியில் உலகமெங்கும் போட்டார்கள். சில ஆண்டுகளில் வளையம் நழுவியும் இரைப்பைச் சுவரை அரித்தும் பலருக்கு அதைக் கழற்ற வேண்டிவந்தது. இன்று அதை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. இரைப்பைக்குள் பலூன் வைப்பதும் விளம்பரங்களில் நிறைய வருகிறது. அது சுமார் ஆறு மாதத்தில் வெளியே எடுத்துவிட வேண்டிய தற்காலிக ஏற்பாடு. எடுத்த பிறகு எடை திரும்புவது சாதாரணம். அறுவைக்கு மாற்றாக அதை விற்பது சரியல்ல.

முதலில் கேட்க வேண்டியது நெஞ்செரிச்சலை

எடையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலர் நினைப்பதைவிடச் சிறியது. சுவிட்சர்லாந்தில் 217 பேரிடமும் பின்லாந்தில் 240 பேரிடமும் சீட்டுப் போட்டுப் பிரிப்பதுபோல ஒரு பாதிக்கு ஸ்லீவ், மறுபாதிக்கு பைபாஸ் செய்து ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரண்டு ஆய்வுகளும் 2018-ல் ஒரே நேரத்தில் வெளியாயின. பின்லாந்தில் கூடுதல் எடையில் 49 சதவீதம் ஸ்லீவிலும் 57 சதவீதம் பைபாஸிலும் குறைந்திருந்தன. பைபாஸ் கொஞ்சம் முன்னே நிற்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை பயமுறுத்துவது வேறோர் இடத்தில். சுவிஸ் ஆய்வில், அமிலம் மேலேறும் தொந்தரவு ஏற்கெனவே இருந்தவர்களில், ஸ்லீவுக்குப் பிறகு அது மோசமானது 31.8 சதவீதத்தினருக்கு, பைபாஸுக்குப் பிறகு 6.3 சதவீதத்தினருக்கு மட்டுமே. பின்லாந்து ஆய்வின் பத்தாண்டு முடிவில், உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது ஸ்லீவ் பிரிவில் 31 சதவீதத்தினருக்கு. பைபாஸ் பிரிவில் 7 சதவீதத்தினருக்கு.

காரணம் எளிதில் விளங்கக்கூடியது. அகன்ற பையாக இருந்த இரைப்பை குறுகிய குழாயாகும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. அமிலம் மேல்நோக்கி வருகிறது. நம் ஊரில் நெஞ்செரிச்சலை யாரும் நோயாக எண்ணுவதில்லை. ‘கேஸ் டிரபிள்’ என்பார்கள். மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குவார்கள். மருத்துவர் கேட்டால் “அதெல்லாம் ஒண்ணும் இல்லை” என்பார்கள். அதனால் வாய்வார்த்தையை நம்பி ஸ்லீவ் செய்யக் கூடாது. அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி கட்டாயம். உணவுக்குழாயின் உட்சுவர் மாறியிருந்தாலோ, இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறி நிற்கும் பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா இருந்தாலோ, கடுமையான எதுக்களிப்பு இருந்தாலோ, பைபாஸ்தான் முதலில் பரிசீலிக்கப்பட வேண்டும். எண்டோஸ்கோப்பி செய்யாமல் ஸ்லீவுக்குத் தேதி குறிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

பைபாஸுக்கும் இதே சோதனை அவசியம், வேறு காரணத்துக்காக. ஒதுக்கப்பட்ட மீதி இரைப்பைக்குள் பிறகு வழக்கமான எண்டோஸ்கோப்பி நுழைய முடியாது. இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள ஜப்பானிலும் கொரியாவிலும் மருத்துவர்கள் பைபாஸுக்குத் தயங்குவது இதனால்தான். குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை எத்தனை வருடமாக?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு 2023-ல் வெளியானபோது, நம் மாநிலத்தில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. பைபாஸ் சர்க்கரை நோயைத் தணிக்கிறது என்பதை 1995-லேயே அமெரிக்க மருத்துவர் வால்டர் போரிஸ் விரிவாக எழுதினார். எடை இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை அளவு இறங்குவதை அவர் பார்த்தார். பிறகு கிளீவ்லேண்ட் கிளினிக் 150 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஐந்தாம் ஆண்டில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6-க்குள் இருந்தது மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம்.

இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம் சிறிது. ‘பைபாஸ் செய்தால் சர்க்கரை நோய் போய்விடும்’ என்று பேசுகிறவர்கள் 29 என்பதை மறைக்கிறார்கள். ‘ஸ்லீவே போதும்’ என்பவர்கள், நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை மறைக்கிறார்கள். நோய் வந்து ஓரிரு ஆண்டுகளே ஆன, இன்சுலின் போடாத ஒருவருக்கு இரண்டில் எது செய்தாலும் நல்ல பலன் கிடைக்கும். பதினைந்து ஆண்டுகளாக நோயோடு இருந்து, கணையம் களைத்து, இன்சுலினில் நிற்பவருக்கு இரண்டுமே முழு விடுதலை தரப்போவதில்லை. மருந்து குறையும், அதுவே பெரிய லாபம். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பைபாஸின் அனுகூலம் உண்மையாகக் கைக்கு வருகிறது. எத்தனை வருடம், எத்தனை மருந்து, இன்சுலின் உண்டா, கணையத்தின் இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைட் எவ்வளவு என்று பார்க்காமல் ‘சுகர் இருக்கா, அப்போ பைபாஸ்’ என்பது வைத்தியம் ஆகாது.

ரத்தசோகையும் கல்யாணமும்

பெண்கள் விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உணவிலிருந்து இரும்புச்சத்தைப் பெரிதும் உறிஞ்சுவது முன்சிறுகுடல். பைபாஸ் ஒதுக்கிவைப்பது அந்த இடத்தைத்தான். ஏற்கெனவே ஹீமோகுளோபின் ஒன்பதில் இருக்கும், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமுள்ள ஒரு பெண்ணுக்கு பைபாஸ் செய்துவிட்டு, ‘சத்து மாத்திரை சாப்பிடுங்க’ என்று அனுப்பினால் போதாது. தேவைப்படும்போது நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றும் வசதி அவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லை என்றால், நெஞ்செரிச்சல் தொந்தரவு இல்லாத அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஸ்லீவே பொருத்தம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சினைப்பை நீர்க்கட்டியோடும் குழந்தையின்மையோடும் வருகிற இளம்பெண்கள் இன்னொரு பக்கம். வரன் தேடும் முன் எடையைக் குறைத்துவிட வேண்டும் என்று பெற்றோர் கூட்டிவரும் பெண்களும் உண்டு. அறுவைக்குப் பிறகு எடை இறங்கும்போது நின்றுபோன மாதவிடாய் திரும்பி, கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடுகிறது. ஆனால், எடை வேகமாக இறங்கும் முதல் 12 முதல் 18 மாதங்களுக்குள் கருத்தரிப்பது தாய்க்கும் குழந்தைக்கும் நல்லதல்ல. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரைகள் சரிவர உறிஞ்சப்படாமல் போகலாம். காப்பர்-டி போன்ற வேறு வழி தேவை. மணமாகாத பெண்ணிடம் இதைப் பேச நம் மருத்துவமனைகள் கூசுகின்றன. மாமியாரையும் கணவரையும் வெளியே உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியே பேசும் அரை மணி நேரம், அறுவையின் ஒரு பகுதி.

ஆண்களிடமும் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: மது. பைபாஸ் செய்த உடம்பில் மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. ஸ்லீவிலும் அந்த வேகம் கூடுவதுண்டு. அறுவையான இரண்டாம் ஆண்டிலிருந்து குடிநோய்க்கு ஆளாகிறவர்களின் எண்ணிக்கை உயர்வதை அமெரிக்க ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. மனைவி முன்னால் “எப்போவாவதுதான்” என்று சொல்பவரிடம் மறுபடி தனியே கேட்க வேண்டும். புகையும் வலி மாத்திரையும் இதே போலத்தான். பைபாஸில் பை குடலோடு சேரும் இடத்தில் புண் வரக் காரணமானவற்றில் முக்கியமானவை இவை இரண்டும். எடையால் மூட்டு தேய்ந்து, டைக்ளோபினாக் இல்லாமல் படியேற முடியாது என்ற நிலையில் இருப்பவர், அறுவைக்குப் பிறகு அந்த மாத்திரையை விடுவாரா? விட மாட்டார் என்றால் பைபாஸ் அவருக்கு ஏற்றதல்ல.

மினி பைபாஸும் நம் சாப்பாடும்

இந்தியாவில் செல்வாக்கோடு இருக்கும் இன்னொன்று மினி பைபாஸ். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் 1997-ல் தொடங்கிய முறை இது. இரண்டு இணைப்புகளுக்குப் பதில் ஒன்று, நேரம் குறைவு, எடை நன்றாகக் குறைகிறது. பிரான்ஸில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு எடைக்குறைப்பில் இது வழக்கமான பைபாஸுக்குச் சளைக்கவில்லை. அதே ஆய்வில், மினி பைபாஸ் பிரிவில் பதிவான கடும் பாதிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஊட்டச்சத்துக் குறைபாடு. வழக்கமான பைபாஸ் பிரிவில் அப்படி ஒன்றுகூட இல்லை. அங்கே ஒதுக்கிய குடலின் நீளம் 200 சென்டிமீட்டர். ஒதுக்கும் நீளம் கூடக் கூடப் புரதமும் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் கைவிட்டுப் போகின்றன.

இறைச்சியும் பால்பொருட்களும் நிறைந்த பிரெஞ்சு உணவிலேயே இப்படி என்றால், இட்லி, தோசை, சாதம், ரசம் என்று வாழும் நம்மவர்களுக்கு? அறுவைக்குப் பிறகு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம். ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம்தான் இறங்கும் என்றால், முட்டை கூடத் தொடாத சைவக் குடும்பத்தில் சுண்டலையும் பனீரையும் மட்டும் வைத்து 60-ஐ எட்டுவது பெரும் பாடு. புரதப் பவுடருக்கு மாதாமாதம் செலவழிக்க வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு; உறிஞ்சுவதும் குறையும் மினி பைபாஸில் அது இரட்டிப்பாகிறது. ஸ்லீவுக்கு வேறு ஒரு பலவீனம் இருக்கிறது. இட்லியும் இனிப்புக் காபியும் ஹார்லிக்ஸும் அந்தக் குழாயில் தடையின்றி வழுக்கிப் போகும். எடை மெல்லத் திரும்பும். பைபாஸ் செய்தவர் பாயசம் குடித்தால் பலருக்கு உடனே வியர்த்து, படபடத்து, தலை சுற்றும்; அந்தப் பயமே ஒரு காவல். ஆகவே, இனிப்பை விடவே முடியாதவர், சைவர், வெளியூர்ப் பயணத்திலேயே சாப்பிடுபவர் என்று ஒவ்வொருவரின் தட்டையும் பார்க்காமல் அறுவையைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தப் பேச்சுக்கு உணவியல் நிபுணர் அறுவைக்கு முன்பே வேண்டும். அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில் ஒரு அச்சிட்ட தாளோடு வந்தால் பயனில்லை.

2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி என்னும் எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு, ‘ஊசி இருக்க அறுவை எதற்கு’ என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது. ஆய்வுகளில் உடல் எடையில் சுமார் 15 முதல் 20 சதவீதம் வரை அவை குறைத்திருக்கின்றன; அறுவை அதைவிடக் கூடுதலாகக் குறைக்கிறது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ அளவில் 30-ஐ ஒட்டி நிற்பவர் முதலில் ஊசியை யோசிக்கலாம். 45-ல் நின்று, தூக்கத்தில் மூச்சடைத்து அவதிப்படுபவர் அறுவையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

அரசும் காப்பீடும் செய்ய வேண்டியவை

தனிமனிதரின் தேர்வு அவர் கையில் மட்டும் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதியின்படி, பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை நோய், இதயநோய் போன்றவை இருந்தால்தான் காப்பீடு கிடைக்கும். இது மேலைநாட்டு உடம்புக்கான அளவு. குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய்க்கு ஆளாகும் இந்தியர்களுக்கு இங்குள்ள மருத்துவர்கள் பின்பற்றும் வரம்பு 37.5, துணைநோய்கள் இருந்தால் 32.5. ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று 2022-ன் பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. 160 சென்டிமீட்டர் உயரமும் 86 கிலோ எடையும் இன்சுலினுக்கும் அடங்காத சர்க்கரையும் கொண்ட ஒரு பெண்ணுக்கு மருத்துவம் ‘செய்யலாம்’ என்கிறது. காப்பீடு ‘முடியாது’ என்கிறது. அவர் நகையை அடகு வைத்துத்தான் வருகிறார். அப்படி வருகிறவர் விலை குறைந்த பேக்கேஜையே தேர்ந்தெடுப்பார். பேக்கேஜில் என்ன அறுவை இருக்கிறதோ அதுவே அவருக்கான அறுவை ஆகிவிடுகிறது. இந்த விதியை ஆணையம் இந்திய வரம்புக்குத் திருத்த வேண்டும்.

2024-ல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அப்போது சில நாள் பேசினோம்; பிறகு மறந்துவிட்டோம். எந்த மருத்துவமனையில் எந்த வகை அறுவை எத்தனை பேருக்கு நடந்தது, அவர்கள் ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பதை எல்லா மருத்துவமனைகளும் கட்டாயமாகப் பதிவுசெய்து, மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவும் மயக்கவியல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் இல்லாத இடத்தில் இந்த அறுவைக்கு அனுமதி கூடாது. அறுவை நடப்பது பெருநகரத்தில், வாழ்வது முதுகுளத்தூரில் என்றால், ஆண்டுக்கொரு முறை பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி பார்க்கும் வசதி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்க வேண்டும். பைபாஸ் செய்தவருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் குடல் உள்ளேயே சிக்கிக்கொண்டு திடீர் வயிற்றுவலி வரலாம். அதை ‘வாயு’ என்று ஊசி போட்டு அனுப்பினால் உயிர் போகும்.

அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எண்டோஸ்கோப்பி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு ஏன் இது, ஏன் மற்றது இல்லை?” என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பதிலில் உங்கள் நெஞ்செரிச்சலும் சர்க்கரையும் சாப்பாடும் இடம்பெறாவிட்டால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். வீடு திரும்பும்போது, என்ன அறுவை, எத்தனை சென்டிமீட்டர் குடல் ஒதுக்கப்பட்டது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதி உங்கள் ஊர் மருத்துவரிடமும் இருக்கட்டும்.